லயத்து நாய்க்கு உடையவர் யார்?

2025 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 11 ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் பிறப்பித்த கட்டளையொன்று, தெருநாய் பற்றிய பழைய வழக்கை மீண்டும் மன்றிலேற்றியது. தில்லி மாநகரிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் திரியும் நாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைத்தல் வேண்டும். அவற்றை மீண்டும் தெருவில் விடுதல் கூடாது என்பது அக்கட்டளை. பதினொரு நாட்களில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அதனைத் திருத்தியது. கருத்தடை செய்து, தடுப்பூசி ஏற்றி, பிடித்த இடத்திலேயே அவற்றை விடலாம். விசர்நோய் கண்டனவற்றையும் கடிக்கும் இயல்பினவற்றையும் மட்டும் தனியே வைத்தல் வேண்டும் என்றது அத்திருத்தம். நவம்பர் 7 ஆம் நாள் இன்னுமொரு கட்டளை வந்தது. பாடசாலை, வைத்தியசாலை, பேருந்து நிலையம், புகையிரத நிலையம் முதலிய இடங்களிலிருந்து நாய்களை அகற்றுக. அகற்றியவற்றை அவ்விடங்களில் மீண்டும் விடற்க என்பது அது.

இக்கட்டளைகளை ஆதரித்தும் எதிர்த்தும் எழுந்த முழக்கங்கள் பல. அவற்றிற்கிடையே நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்க பகுதி ஒன்று ஓகஸ்ட் 22 ஆம் நாள் திருத்தத்தில் உண்டு. விரும்புவோர் மாநகராட்சிக்கு விண்ணப்பித்துத் தெருநாயைத் தத்தெடுக்கலாம். எடுத்த நாய் மீண்டும் தெருவிற்குச் செல்லாதவாறு காப்பது எடுத்தவர் பொறுப்பு என்கிறது அப்பகுதி. நாயைக் கொல்வதா, அடைப்பதா, விடுவதா என்று மூவகையாக வாதிடுவோர், இந்நான்காவது வழியை ஓர் அடிக்குறிப்பாகவே கருதுகின்றனர். ஆயினும் ஏனைய மூன்று வழிகளிலும் எழாத கேள்வி ஒன்று இங்கேதான் எழுகின்றது. இந்நாய்க்கு உடையவர் யார் என்பதே அக்கேள்வி.

தில்லியின் வழக்குச் சபரகமுவ மலைகளுக்கு எதற்கு என்று வினவுவார் இருக்கலாம். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்களில் வாழ்வோர்க்கு இக்கேள்வி புதியதன்று. இறக்குவானையிலோ, எட்டியாந்தோட்டையிலோ, தெரணியகலையிலோ ஏதேனுமொரு தோட்டத்து மாணவனிடம், உன்பின்னே பாடசாலை வரை வந்த அந்த நாய் யாருடையது என்று கேட்டுப் பாருங்கள். “லயத்து நாய்” என்பான். லயத்தில் பன்னிரண்டு குடும்பம் இருந்தால் பன்னிரண்டிற்கும் அது உரியது. பன்னிரண்டிற்கும் உரியது என்பதனாலேயே ஒன்றிற்கும் உரியதன்று என்பதும் உண்மை.

தத்து என்னும் சொல்

தத்து என்பது வடமொழித் தத்தம் என்பதன் வழிவந்தது. கொடுக்கப்பட்டது என்பது அதன் பொருள். சுவீகாரம் என்னும் மற்றொரு சொல் தன்னதாக்கிக் கொள்ளுதல் எனப் பொருள்படும். முன்னதில் கொடுப்பவர் செயல் தெரிகின்றது. பின்னதில் கொள்பவர் செயல் தெரிகின்றது. இரண்டும் கூடியவிடத்தேதான் தத்தெடுத்தல் நிறைவெய்தும். நம்மவர் பண்டைய தேசவழமையில் பிள்ளையைச் சுவீகாரம் கொள்ளும்போது உறவினர் உடன்பாடும் சாட்சிகளும் வேண்டப்பட்டமையும் இக்கருத்தை நோக்கியே. ஊரறியக் கொடுத்து, ஊரறிய ஏற்றுக்கொண்டது பின்னர்க் கைவிடப்படாது.

இரவில் சாக்குப் பையில் குட்டிகளைக் கட்டித் தோட்டப் பாதையில் வைத்துவிட்டுப் போகின்றவர் கொடுப்பவர் அல்லர், எறிபவர். அவற்றிற் பெரும்பாலானவை பெண் குட்டிகள். வீட்டிலே பெண் நாய் வேண்டா, குட்டி போட்டுத் தொல்லை தரும் என்பது அவர் கூறும் நியாயம். நகரத்து வீடு வேண்டாவென்று தள்ளியதை மலையிலே யாரேனும் பார்த்துக்கொள்வர் என்பது அவர் நம்பிக்கை. அந்நம்பிக்கை பொய்ப்பதில்லை. பிள்ளை மடுவத்திலே குழந்தையை விட்டுவிட்டுக் கொழுந்தெடுக்கச் செல்லும் தாய், வழியிலே கத்தும் குட்டியைக் கண்டு சிறிது சோற்றை வைப்பாள். அன்றிலிருந்து அது லயத்து நாய். கொடுத்தவர் பெயரும் இல்லை. கொண்டவர் பெயரும் இல்லை. சோறு உண்டு, உரிமை இல்லை. அன்பு உண்டு, பொறுப்பு இல்லை. பெண்குட்டி ஓராண்டு நிறையுமுன்பே தாயாகும் பருவம் எய்தும். சூல்கொண்டு ஏறத்தாழ அறுபத்து மூன்று நாளில் ஈனும். ஆண்டிற்கு இருமுறையும் ஈனக்கூடும். எறிந்தவர் ஒழித்துவிட்டதாக எண்ணிய தொல்லை பன்மடங்காகி லயத்து மக்களின் தலையில் இறங்குகின்றது.

சட்டம் வந்த வழி

நம் நாட்டில் நாயைப் பற்றிய சட்டங்கள் பழையன. விசர்நோய்க் கட்டளைச் சட்டம் 1893 இலும், நாய்களைப் பதிவு செய்தற்கான கட்டளைச் சட்டம் 1901 இலும், விலங்குகளுக்குக் கொடுமை இழைத்தலைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1907 இலும் பிறந்தன. முன்னதன் நோக்கம் நோயிலிருந்து மனிதனைக் காத்தல்; ஈற்றதன் நோக்கம் மனிதனிடமிருந்து விலங்கைக் காத்தல். 1907 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த தண்டம் நூறு ரூபாய்க்கு மேற்படவில்லை. அதற்கீடாக விலங்கு நலச் சட்டமூலம் ஒன்றைச் சட்ட ஆணைக்குழு 2006 இல் வரைந்தளித்தது. அது நெடுங்காலம் இழுபட்டு வந்துள்ளது.

2006 ஆம் ஆண்டு மற்றொரு மாற்றமும் நேர்ந்தது. தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் முறையைக் கைவிட்டு, கருத்தடையும் தடுப்பூசியுமே இனி வழி என அரசு கொள்கை வகுத்தது. இதனை வெறும் இரக்கத்தின் விளைவென்று கொள்ளுதல் தவறு. கொல்லப்பட்ட நாயின் இடத்திற்குத் தடுப்பூசி பெறாத வேறொரு நாய் வந்து சேரும்; நோய் அங்கேயே நிற்கும். உலகச் சுகாதார நிறுவனம் கூறுவது இதுவே: ஓர் இடத்து நாய்களுள் நூற்றுக்கு எழுபது தடுப்பூசி பெறின் நோயின் சங்கிலி அறும். 1973 ஆம் ஆண்டில் நம் நாட்டில் விசர்நாய்க்கடியால் இறந்தோர் 377 பேர். அண்மைய ஆண்டுகளில் அத்தொகை இருபது, முப்பது என்னும் அளவிற்கு இறங்கியுள்ளது. இது தடுப்பூசியின் வெற்றி. ஆயினும் எஞ்சிய அந்த இருபது உயிர்களும் தடுத்திருக்கத்தக்க சாவுகளே.

எழுபது விழுக்காடு என்னும் எல்லையை எட்டுவது யாரால் இயலும்? ஊசி ஏற்ற வருவோர் நாயைப் பிடித்துத் தருக என்று கேட்பர். உடையவர் உள்ள நாயை உடையவர் பிடித்துத் தருவார். லயத்து நாயைப் பிடிப்பவர் யார்? அவர் பிடிப்பார் என்று இவர் இருப்பர். இவர் பிடிப்பார் என்று அவர் இருப்பர். நாய் புதருள் ஓடிவிடும். பதிவேட்டில் அந்த லயம் முடிந்ததாகக் குறிக்கப்படும். நாயோ ஊசியின்றி இருக்கும்.

காப்பகமும் வீடும்

கைவிடப்பட்ட நாய்களை மீட்டுப் பேணும் அமைப்புகள் இன்று தெற்கிலும் வடக்கிலும் உள்ளன. 2007 இல் கொழும்பில் ஒட்டாரா குணவர்தன தொடங்கிய எம்பார்க், தெருநாய்களுக்குச் சிகிச்சை, கருத்தடை, தடுப்பூசி ஆகியவற்றோடு தத்துக் கொடுத்தலையும் தன் பணியாகக் கொண்டது. தமிழர் முயற்சியைத் தேடுவோர்க்குச் சிவபூமி அறக்கட்டளை உண்டு, ஆறு. திருமுருகன் தலைமையிலான அவ்வறக்கட்டளை கிளிநொச்சி மாவட்டத்து இயக்கச்சியில் நாய்களுக்கென ஒரு காப்பகம் அமைத்தது. கடல் கடந்து சென்னையை நோக்கின், 1959 இல் கப்டன் வி. சுந்தரம் நிறுவிய புளூ கிராஸ் சங்கம், கொல்லுதலுக்கு மாற்றாகக் கருத்தடையை முன்வைத்து வாதாடிய முன்னோடிகளுள் ஒன்று. அக்காலத்தே ருக்மிணிதேவி அருண்டேல் இந்திய மாநிலங்களவையில் கொண்டுவந்த தனியார் மசோதாவே, 1960 இல் அந்நாடு இயற்றிய விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்திற்கு வித்தாயிற்று. பரதக் கலையால் நாம் அறிந்த அம்மையாரை இத்துறையாலும் அறிதல் தகும்.

இவர்கள் பணி போற்றத்தக்கது. எனினும் காப்பகமே முடிவான மருந்து என்று கருதுதல் பொருந்தாது. இதனை விளக்கச் சபரகமுவ நிலத்திலேயே நல்ல உவமை உண்டு. கேகாலை மாவட்டத்துப் பின்னவலையில் 1975 இல் தாயற்ற யானைக் கன்றுகளுக்கு இல்லம் அமைந்தது. அங்கு வந்தவை பெரும்பாலும் அங்கேயே வளர்ந்து, அங்கேயே ஈன்று, அங்கேயே முதிர்ந்தன. இரத்தினபுரி மாவட்ட எல்லையை அடுத்த உடவளவையில் 1995 இல் வேறொரு வகை நிலையம் அமைந்தது. அங்கே கன்றுகள் பாலூட்டி வளர்க்கப்பட்டுத் தக்க வயதில் மீண்டும் காட்டிற்கே அனுப்பப்படுகின்றன. முன்னது தங்குமிடம், பின்னது இடைத்தங்கல். யானைக்குக் காடு எதுவோ, நாய்க்கு வீடு அது. மனிதனோடு வாழ்ந்து பல்லாயிரம் ஆண்டு பழகிய உயிரை வேலிக்குள் நூற்றுக்கணக்காய் அடைத்தால், பசி தீரும். அதன் இயல்பு தீராது. ஆகவே நாய்க் காப்பகம் உடவளவையைப்போல் இடைத்தங்கலாக இருத்தல் வேண்டும். ஒரு நாய் வெளியே ஒரு வீட்டிற்குச் சென்றாலன்றி மற்றொரு நாய் உள்ளே வர இடமிராது.

யானையையும் நாயையும் ஒருங்குவைத்து நோக்கிய நாலடியார்ப் பாட்டு நம் மாணவர் அறிந்ததே. நெடுநாட் பழகியும் பாகனைக் கொல்லும் யானையையும், எறிந்த வேல் உடலில் நிற்கவும் எறிந்தவனிடம் வாலைக் குழைக்கும் நாயையும் எதிர்நிறுத்தி, நாயனையார் நட்பைக் கொள்க என்பார் அப்புலவர். நட்பாராய்தல் என்னும் அதிகாரத்தில் அப்பாட்டு நிற்பது சிந்திக்கத்தக்கது. நாயின் நட்பை ஆராய்ந்து அது தேறிவிட்டது என முடிவு கூறியாயிற்று. இனி ஆராயப்பட வேண்டியது நம்முடைய நட்பே. 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் தீவனவிலை ஏறியபோது, பெருவிலை கொடுத்து வாங்கிய அயல்நாட்டு இன நாய்களும் தெருவில் விடப்பட்டன. அவற்றிற்கெல்லாம் உடையவர் இருந்தனர். உடைமை மாத்திரம் போதாது, பொறுப்பு வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

மதில் இல்லாதவர்

மீட்பு அமைப்புகள் நாயை எவர்க்கும் எளிதில் தந்துவிடுவதில்லை, தருதலும் கூடாது. வீடு எத்தகையது, மதிலும் படலையும் உண்டா, வாடகை வீடாயின் வீட்டுக்காரர் இசைந்தாரா, கருத்தடை செய்விப்பீரா, நாள் முழுதும் சங்கிலியில் கட்டுவீரா என்று பலவும் வினவுவது வழக்கம். பின்னர் வந்து பார்ப்பதும் உண்டு. கொடுப்பவர் பொறுப்பு இதுவே.

இவ்வினாக்களை லயத்துக் குடும்பம் ஒன்றிடம் கேட்டால் என்ன விடை வரும்? பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் அறை; மதில் இல்லை; படலை இல்லை; வீடு தோட்டத்தினது; நிலம் தோட்டத்தினது. வினாத்தாளின்படி அக்குடும்பம் தேறாது. ஆனால் விடியுமுன் இறப்பர் மலைக்குப் பால் வெட்டச் செல்லும் தொழிலாளிக்குத் துணையாக இருட்டில் முன்னே நடப்பதும், மரக்கறிப் பாத்திக்குக் காட்டுப்பன்றி வந்தால் குரல் கொடுப்பதும், முதியவர் தனித்திருக்கும் அறைவாசலில் படுத்திருப்பதும் அம்மதிலில்லாத வீட்டின் நாய்தான். மதில் உள்ள வீட்டிலே சங்கிலியில் கிடக்கும் நாயினும் அது நிறைவாக வாழ்கின்றது எனலாம். ஆகையால் மதிலை அளப்பதை விடுத்து மனிதரை அளத்தல் வேண்டும். நாயின் பெயர் சொல்லி அழைப்பவர் யார், அது நோயுற்றால் தூக்கிச் செல்பவர் யார், ஆண்டுதோறும் ஊசிக்குக் கொண்டு வருபவர் யார் என்பனவே தோட்டத்திற்குரிய வினாக்கள்.

லயத்து நாய்க்கு வேறு இடர்களும் உள. பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பி நாயின் கழுத்திலும் விழும். காட்டோரத் தோட்டங்களில் நாயை நாடிச் சிறுத்தை லயம் வரை வருவதும் உண்டு. நாய்கள் பெருகப் பெருக அவ்வரவும் பெருகும். பின்னர் மனிதனுக்கும் சிறுத்தைக்கும் பகை மூளும். ஏழு பேர்ச் காணியில் தனிவீடு பெற்று லயத்தை விட்டுச் செல்லும் குடும்பம் பொருள்களை ஏற்றிச் செல்லும்போது, எல்லார்க்கும் உரிய நாயை ஏற்றிச் செல்வதில்லை. 2016 மே மாதம் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மண் சரிந்தபோதும், 2017 மே மாதம் களுகங்கை பெருகி இரத்தினபுரியைச் சூழ்ந்தபோதும் மக்கள் பாடசாலைகளில் தஞ்சம் புகுந்தனர். அத்தகைய வேளையில் நாயின் கதி என்ன? அமெரிக்க நாட்டில் 2005 இல் கத்ரீனாப் புயலின்போது வளர்ப்புவிலங்கை விட்டு வர மறுத்து வெள்ளத்தில் தங்கிவிட்டோர் பலர். அதன் பயனாக அடுத்த ஆண்டே, இடர்க்கால ஏற்பாடுகளில் வளர்ப்புவிலங்குகளையும் சேர்த்தல் வேண்டும் எனச் சட்டம் செய்தனர். நாயைக் காப்பது அதனை உடையவரைக் காப்பதுமாகும் என்று அந்நாடு அறிந்துகொண்டது.

இரு தடைகள்

மனிதர்க்கே வீடும் நிலமும் நியாயமான கூலியும் இல்லாத இடத்தில் நாய்க்கு நியாயம் பேசுவதா என்பது முதல் தடை. இதனை இகழ்ச்சியாகத் தள்ளிவிடுதல் அறமன்று. அது உண்மையான வேதனையிலிருந்து பிறப்பது. ஆயினும் தடுப்பூசி இல்லாத நாய் முதலிற் கடிப்பது யாரை? பங்களாவுக்குள் இருப்பவரையன்று, லயத்து முற்றத்தில் மண்ணளைந்து விளையாடும் குழந்தையையே. விசர்நோய்க் கிருமி நரம்பு வழியே மெல்ல மூளையை நோக்கி ஏறும்; அறிகுறி தோன்றியபின் பிழைப்பது அரிதினும் அரிது. கடியுண்டவுடன் புண்ணைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதமின்றி அரசாங்க வைத்தியசாலைக்குச் சென்றால் உயிர் காக்கலாம். ஊசிக்குப் பணம் இல்லை. ஆனால் தூரத்துத் தோட்டத்திலிருந்து வைத்தியசாலைக்குச் செல்லப் பேருந்துக் கட்டணம் உண்டு. இழந்த நாட்கூலி உண்டு. மறுபடி மறுபடி செல்லவேண்டியிருத்தலின், நடுவே நிறுத்திவிடுவோரும் உளர். நாய்க்கு ஏற்றும் ஓர் ஊசி இவை அனைத்தையும் தவிர்க்கும். எனவே நாய்க்குப் பேசும் நியாயம் ஏழைக்குப் பேசும் நியாயத்தின் ஒரு பகுதியேயாகும்.

இரண்டாவது தடை இதனினும் நுட்பமானது. எல்லாரும் சோறிட்டு வளர்த்த நாயை ஒருவர் பெயரில் எழுதினால், நாளை அது யாரையேனும் கடித்தால் பழி அவ்வொருவர் மேலன்றோ விழும்? அஞ்சி யாரும் பெயர் கொடுக்கமாட்டார் என்பர். இவ்வச்சம் நியாயமானதே. ஆயினும் தோட்டத்து மக்கள் பொதுக்காரியம் நடத்த அறியாதவர் அல்லர். மரண உதவிச் சங்கத்திற்கு வீடுதோறும் மாதம் ஒரு சிறுதொகை சேர்கின்றது. பணம் எல்லாருடையது, ஏடு ஒருவர் கையது. மாரியம்மன் திருவிழாவும் அவ்வாறே. செலவு பலர்க்கும் பொது. பெயர் ஒருவர்க்கு உரியது. நாய்க்கும் இம்முறையே பொருந்தும். பொறுப்பாளர் என்பவர் பழி சுமப்பவர் அல்லர். ஊசி நாளில் நாயைக் கொண்டுவருபவர், அட்டையைப் பேணுபவர். ஊசியும் அட்டையும் உள்ள நாய் கடித்தால் மரண பயம் பெரிதும் குறையும். அட்டையற்ற நாய் கடித்தால் லயம் முழுவதும் அஞ்சி நடுங்கும். எது பெரும்பழி என்பதை மக்களே தெரிந்துகொள்வர்.

செய்யத்தக்கன

முதலாவது, ஒவ்வொரு லயத்து நாய்க்கும் ஒரு பொறுப்பாளர் பெயரும் ஓர் ஊசி அட்டையும் வேண்டும். இருக்கும் இடத்திலேயே இருக்கும் நாயை இருப்பவரே தத்தெடுத்தல் இது. இதற்குக் காப்பகமும் வேண்டா, வண்டியும் வேண்டா.

இரண்டாவது, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் தோட்ட நிருவாகமும் இணைந்து, ஆண்டில் ஒரு நாளைக் குறித்துப் பெரட்டுக் களத்திலோ கொழுந்து மடுவத்திலோ ஊசி ஏற்றுதல் வேண்டும். அந்நாள் வேலை நாளாயின், நாயைக் கொண்டுவருபவரின் கூலி குறையலாகாது. உலகம் விசர்நோய் நாளாகக் கொண்டாடும் செப்ரெம்பர் 28 இதற்குத் தக்க நாள். அந்நோய்க்கு ஊசி கண்ட லூயி பாஸ்டர் மறைந்த நாள் அது.

மூன்றாவது, மீட்பு அமைப்புகள் தம் கருத்தடை முகாம்களை நகரங்களோடு நிறுத்தாது தோட்டங்களுக்கும் கொண்டுவருதல் வேண்டும். பெண் நாய்க்குக் கருத்தடை செய்து தந்தால், பெண் குட்டியை எறியும் பழக்கத்தின் வேர் அறும். தத்துப் பத்திரங்களும் அறிவுரைகளும் தமிழிலும் இருத்தல் வேண்டும். படித்து அறியாத பத்திரத்தில் இடும் ஒப்பம் பொறுப்பாகாது.

நான்காவது, நகரத்து அன்பர் நாய் வேண்டுமென்றால் விலைக்கு வாங்குமுன் காப்பகத்தை நாடுக. கறுப்பு நிறமும், நாட்டு இனமும், பெண்ணும் என்று ஒதுக்கப்படுவனவே அங்கே பெரும்பாலும் காத்திருக்கின்றன. நிறம் பாராது எடுக்க. எடுத்தபின் பத்துப் பன்னிரண்டு ஆண்டு அதனோடு வாழ மனம் உண்டா என்று எடுக்குமுன் தம்மையே கேட்க.

ஐந்தாவது ஆசிரியர்க்குரியது. நாயைக் கல்லால் எறியாமையும், உண்ணும் நாயையும் குட்டி ஈன்ற நாயையும் நெருங்காமையும், கடியுண்டால் மறைக்காது சொல்லுதலும், புண்ணைக் கழுவுதலும் சிறார்க்குக் கற்பிக்கத்தக்க பாடங்கள். அடிக்கு அஞ்சிக் கடியை மறைத்த பிள்ளைக்கு நாலடியார் மனப்பாடம் உதவாது. வகுப்பிலுள்ள மாணவர் தத்தம் லயத்து நாய்களின் பெயரையும், ஊசி ஏற்றிய நாளையும், பொறுப்பாளரையும் ஓர் ஏட்டில் எழுதினால், எந்த அலுவலகத்திலும் இல்லாத கணக்கு ஒன்று நம் பாடசாலையில் இருக்கும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து அதனைக் கேட்டு வாங்கும் நாள் வரும்.

நீதிமன்றங்கள் கட்டளையிடலாம், அரசுகள் கொள்கை வகுக்கலாம், அறநிலையங்கள் காப்பகம் கட்டலாம். லயத்து வாசலில் படுத்திருக்கும் அந்நாய்க்கு உடையவர் யார் என்னும் வினாவிற்கு அவற்றுள் எதுவும் விடை தராது. அதற்கு விடையாவது, ஏட்டிலே எழுதப்படும் ஒரு பெயர். அப்பெயரைக் கொடுக்க ஒவ்வொரு லயத்திலும் ஒருவர் முன்வருவராயின், நாம் நெடுநாள் பேசிவரும் சீவகாருண்யம் சபரகமுவ மலைகளில் நடைமுறை வழக்காகும்.